ஃபுல் டியூப் ஆம்ப் என்றால், பவர் டியூப் எங்கே என்று கேளுங்கள்

பழைய கிதார் ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரே ஆம்புக்காக நான் இரண்டு பேரிடம் ஏமாந்தேன். முதலில் விற்றவரிடம், அடுத்து ரிப்பேர் பார்த்தவரிடம்.

"100 வாட், ஃபுல் டியூப்" என்று சொல்லித்தான் விற்றார். டியூப் என்றால் வால்வு என்ற கண்ணாடிக் குழாய். ஃபுல் டியூப் என்றால், சத்தத்தைப் பெருக்குவது முதல் கடைசியில் ஸ்பீக்கரைத் தள்ளுவது வரை எல்லாம் டியூப்தான். ஸ்பீக்கரைத் தள்ளுகிற டியூபுக்குப் பெயர் பவர் டியூப். நான் போனபோதே ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது. "டியூப் சூடானாத்தாங்க சவுண்டு வரும், அதான் முன்னாடியே போட்டு வச்சேன்" என்றார். முன்பக்கம் சின்னக் கம்பிவலை ஜன்னல், அதற்குள் ஒரு டியூப் ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று எரிந்தது. பின்பக்கம் முழுக்கத் தகடு. வாசித்துப் பார்த்தேன், பிடித்திருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு, ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டியூபிலிருந்து வருவது அதிக வோல்ட்டேஜ், குறைந்த கரண்ட். ஸ்பீக்கருக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. நடுவில் நின்று அதை மாற்றிக் கொடுப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். இரும்பும் செம்பும் சேர்ந்த பெரிய கட்டி அது. பக்கத்திலேயே பவர் டிரான்ஸ்ஃபார்மர் வேறு. 100 வாட் டியூப் ஆம்பைத் தூக்கினால் இடுப்பு சொல்லிவிடும்.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு ஆம்பைப் போட்டேன். சுவிட்சைத் தட்டிய நொடியிலேயே அந்த ஆரஞ்சு வெளிச்சம் முழுதாக வந்தது. அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! உண்மையான டியூபில் உள்ளே இருக்கும் ஹீட்டர் மெல்ல மெல்லத்தான் சிவக்கும், அணைத்தாலும் மெல்லத்தான் மங்கும். பழைய வால்வு ரேடியோ பார்த்தவர்களுக்கு இது தெரியும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

சில மாதங்களில் வால்யூம் நாபைத் திருகும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். ரிப்பேருக்குக் கொடுத்தேன். "பவர் டியூப் ரெண்டும் போயிடுச்சு. மேட்ச்டு ஜோடி மாத்தி, பயாஸ் செட் பண்ணணும்" என்றார். அதாவது ஒரே அளவில் வேலை செய்கிற இரண்டு டியூப் போட்டு, அவற்றில் ஓடும் கரண்ட்டைச் சரிசெய்ய வேண்டுமாம். ஒரு வாரம் கழித்து வாங்கினேன். கரகரப்பு இல்லை. டியூபுக்கும் கூலிக்கும் சேர்த்து அவர் கேட்டதைக் கொடுத்தேன். கழற்றிய பழைய டியூபைக் கேட்கத் தோன்றவில்லை.

உண்மை வெளியே வந்தது தற்செயலாகத்தான். இன்னும் ஒரு ஸ்பீக்கர் கேபினட் சேர்க்க நினைத்து, ஆம்ப் கட்டிப் பழகிய ஓர் அண்ணனிடம் கொண்டுபோனேன். பின்பக்கத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. ஸ்பீக்கர் சாக்கெட் பக்கத்தில் "குறைந்தது 4 ஓம்" என்று மட்டும் எழுதியிருந்தது. ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்ட்டுக்குக் காட்டும் தடையின் அளவு. பெரிய டியூப் ஆம்பில் பெரும்பாலும் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி சாக்கெட்டோ செலக்டரோ இருக்கும். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, கெப்பாசிட்டரில் மிச்சம் தங்கியிருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தகட்டைக் கழற்றினார்.

"தம்பி, இதுல பவர் டியூப் எங்க இருக்கு?"

"போன மாசம் அதைத்தாண்ணா மாத்தினாங்க."

பேசாமல் டார்ச்சை உள்ளே காட்டினார். ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7. கிதாரின் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் பகுதியில் வரும் சின்ன டியூப் அது. அதன் சாக்கெட் நடுவில் துளை போட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி ஓர் ஆரஞ்சு எல்இடி. அந்தப் பக்கம், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் திருகிவைத்த டிடிஏ7293 என்ற பவர் ஐசி, அதாவது டியூப் இல்லாமலே சத்தத்தைப் பெருக்கும் சிப். ஸ்பீக்கரைத் தள்ளுவது அதுதான். பவர் டியூபுக்குச் சாக்கெட் கூட இல்லை. இல்லாத டியூபை மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். நாபுக்குள் அழுக்கைப் போக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்ததைத் தவிர வேறு வேலை எதுவும் நடக்கவில்லை.

நான் சேர்க்க இருந்த கேபினட்டும் 4 ஓம். இரண்டு 4 ஓம் பேரலலில் 2 ஓம் ஆகிவிடும். அந்த ஐசி கருகியிருக்கலாம். பெயரை மாற்றிச் சொல்லி விற்பதால் வரும் ஆபத்து இது. இரண்டு வகைக்கும் பயம் வேறு வேறு. டியூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். டிரான்சிஸ்டரோ ஐசியோ ஸ்பீக்கரைத் தள்ளும் சாலிட் ஸ்டேட் ஆம்புக்கு அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் ஓம் குறைந்தால் தாங்காது. கையில் இருப்பது எது என்று தெரியாமல் இருக்கவே கூடாது.

இப்படி டியூபும் சாலிட் ஸ்டேட்டும் கலந்த ஹைபிரிட் ஆம்பை நான் குறை சொல்லவில்லை. 1991-ல் வந்த மார்ஷல் வால்வ்ஸ்டேட்டும் ப்ரீஆம்பில் ஒரு 12ஏஎக்ஸ்7, பவருக்கு டிரான்சிஸ்டர் என்ற அமைப்புதான். அதை விரும்பி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். சாலிட் ஸ்டேட் என்றால் மட்டம் என்பதும் பொய். 1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி-120-ன் கிளீன் சத்தத்தை ஒருமுறை நேரில் கேளுங்கள். டிஜிட்டல் மாடலிங் ஆம்ப் 1996-ல் லைன் 6 ஆக்ஸிஸ் 212-ல் தொடங்கிய வழி. டியூபின் நடத்தையைக் கணக்குப் போட்டு சத்தமாக்குகிறது, அதை மறைக்காமல் சொல்லித்தான் விற்கிறார்கள். இரவில் ஹெட்போனில் வாசிக்கிறவருக்கு அதுவே போதும். போர்டு போனால் ரிப்பேர் கஷ்டம் என்பது மட்டும் அதில் எனக்கு உறுத்தல். டியூப் ஆம்ப் விலையும் எடையும் கூடியது, பவர் டியூப் தேயும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வால்யூமை ஏற்றி வாசிக்கும்போது, விரல் அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் மெல்ல உடைந்து கனியும் பாருங்கள், அதற்காகத்தான் நான் அவ்வளவு பணம் சேர்த்தேன்.

ஃபுல் டியூப் என்று யாராவது சொன்னால், பவர் டியூப் என்ன, எத்தனை என்று கேளுங்கள். 100 வாட்டுக்குப் பொதுவாக ஈஎல்34 அல்லது 6எல்6 நான்கு வேண்டும், 50 வாட்டுக்கு இரண்டு. ஒரு ஜோடி ஈஎல்84 ஏறக்குறைய 15 வாட் தரும். தனி 12ஏஎக்ஸ்7 ஸ்பீக்கரைத் தள்ளாது. ஆம்பை ஆறவிட்டு, உங்கள் கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். சத்தம் வரத் தாமதமாவதை மட்டும் நம்பாதீர்கள், ப்ரீஆம்பில் டியூப் இருந்தால் ஹைபிரிடிலும் தாமதம் வரும். வெளிச்சம் எப்படி வருகிறது என்று பாருங்கள். காற்றுத்துளை வழியே டார்ச் அடித்து டியூபை எண்ணுங்கள். நீங்களாகத் திறக்காதீர்கள், டியூப் ஆம்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கலாம், பிடுங்கிய பிறகும் தங்கலாம். ரிப்பேருக்குக் கொடுத்தால் கழற்றிய பாகத்தைக் கட்டாயம் திருப்பிக் கேளுங்கள்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "உள்ள டியூப் இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று வைத்துவிட்டார். ரிப்பேர் பார்த்தவர் போனையே எடுக்கவில்லை. ஆம்ப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அண்ணன் அந்த எல்இடியை வெட்டி எடுத்துவிட்டார். இப்போது இருட்டில் குனிந்து பார்த்தால், டியூபுக்குள் மிளகு அளவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிகிறது. அதன் உண்மையான வெளிச்சம் அவ்வளவுதான். விற்கும் நாள் வந்தால், தகட்டைக் கழற்றி எடுத்த படத்தோடுதான் விற்பேன்.