ஆர்ட் ஜர்னல் வச்சிருக்கவங்க ஒரு தடவ தட்சிணசித்ரா போயிட்டு வாங்க

படம் வரைஞ்சு பக்கத்துலயே எழுதியும் வைக்கிற நோட்டுதான் ஆர்ட் ஜர்னல், ஆறு மாசமா என் ஜர்னல்ல ஒரு பக்கம் கூட நகரல. பின்ட்ரெஸ்ட்ல சேவ் பண்ணி சேவ் பண்ணி வச்சதுதான் மிச்சம், பென்சில எடுத்தா யாரோ வரைஞ்சதையே திரும்ப வரையற மாதிரி இருக்கும், மூடி வச்சிடுவேன். போன சனிக்கிழமை ஈசிஆர் பஸ் பிடிச்சு சென்னை பக்கத்துல முட்டுக்காட்டுல இருக்க தட்சிணசித்ராவுக்குப் போயிட்டேன், சாயங்காலம் திரும்பும்போது ஒன்பது பக்கம் ரொம்பிருச்சு.

மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996ல திறந்த இடம் இது. தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, கர்நாடகால இடிக்க இருந்த பழைய வீடுகள பிரிச்சு எடுத்துட்டு வந்து திரும்ப நிறுத்தியிருக்காங்க. நீங்க உக்காந்து வரையற திண்ணைல ஒரு காலத்துல நிஜமாவே ஒரு குடும்பம் உக்காந்து பேசியிருக்கு, அது மனசுல பட்டாலே கை தானா ஓடுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆந்திரா பக்கம் இருக்க சுட்டில்லு, அதாவது வட்டமான மண்வீடு. கடலோரப் புயல் காத்துக்கு மூலை இல்லாத சுவர்தான் தாங்கும்னு வட்டமா கட்டுறாங்க, கூரையும் நல்லா கீழ எறங்கி வருது, குனிஞ்சுதான் உள்ள போகணும். முழு வீட்டையும் வரையப் பாத்து ரெண்டு தடவ சொதப்புச்சு. அப்புறம் கூரையோட ஓரத்த மட்டும் எடுத்தேன், ஓலை நுனி ஒண்ணொண்ணும் ஒரு நீளம், அதோட நிழல் மண் சுவத்துல சீப்புப் பல்லு மாதிரி விழுந்திருந்துச்சு. பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பு கலர்ல துளி நீலம் கலந்து அந்த நிழலுக்கே முக்கால் மணி நேரம் ஆச்சு, பக்கத்துலயே காத்து, புயல், மூலைன்னு கதைய பேனால எழுதி வச்சேன். என் ஜர்னல்லயே நல்ல பக்கம் அதுதான்.

கேரளா வீட்டுல மரத்துல செஞ்ச நெல்லறை இருக்கு, பாக்காம வராதீங்க. செட்டிநாட்டு வீட்டுக் கதவு வேலைப்பாட்ட முழுசா வரையணும்னா ஒரு நாள் பத்தாது, நான் ஒரே ஒரு பூவ மட்டும் எடுத்துக்கிட்டேன். அய்யனார் கோயில் மண்குதிரைங்க கலர் பென்சிலுக்கு ரொம்ப நல்லா வரும். பானை செய்யறவர் சக்கரத்துல கை வைக்கிறத அஞ்சு நிமிஷ ஸ்கெட்ச்சா நாலு போட்டேன், கைய வரைய பழகணும்னு நினைக்கறவங்க அங்கயே உக்காந்துடலாம்.

செவ்வாய்க்கிழமை லீவு. காலைல திறந்த உடனே போயிடுங்க, நிழல் நீளமா இருக்கும், கூட்டமும் கம்மி. பேப்பர் விஷயத்துல ஏமாந்துடாதீங்க, நான் கொண்டுபோன நோட்டுல வாட்டர்கலர்க்குன்னு அட்டைல போட்டிருந்தான், தண்ணி நிறைய கலந்து பூசற வாஷ் ரெண்டாவது தடவ போட்டதுமே அலை அலையா மடங்கிருச்சு, மனசே விட்டுப் போச்சு. 300 ஜிஎஸ்எம்னு போட்ட கெட்டி வாட்டர்கலர் பேப்பர நாலா வெட்டி கிளிப் போட்டு எடுத்துட்டுப் போங்க, வீட்டுக்கு வந்து ஜர்னல்ல ஒட்டிக்கலாம். பிடியிலயே தண்ணி ரொப்பிக்கற வாட்டர் பிரஷ்ஷும் பன்னெண்டு கலர் வாட்டர்கலர் கேக் டப்பாவும் போதும்.

கர்நாடகாவோட இல்கல் ஊர் நெசவாளர் வீட்டுக்கு அன்னைக்கு நேரமே கிடைக்கல. அந்தக் கல் சுவருக்காக அடுத்த சனிக்கிழமை மறுபடி போறேன்.