ஆன்லைன் கடைக் கணக்கு: எக்செல் போதுமா, மென்பொருள் வேண்டுமா?

என் ஆன்லைன் கடைக் கணக்கை எக்செல்லில் தொடங்கி, இப்போது மென்பொருளுக்கு மாற்றிவிட்டேன். அதனால் என் சாய்வு மென்பொருள் பக்கம்தான்.

எக்செல் கைக்குப் பழகியது, நினைத்தபடி மாற்றி அமைக்கலாம். ஜோஹோ புக்ஸ், குவிக்புக்ஸ், ஜீரோ போன்ற கணக்கு மென்பொருள்களைப் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், பெரும்பாலும் சந்தாவும் உண்டு. இதெல்லாம் தெரிந்ததுதான். ஆர்டர் கூடினால் எக்செல் தாங்காது என்று சொல்வார்கள். ஒரு தாளில் 10,48,576 வரிசைகள் இருக்கின்றன, சின்னக் கடைக்கு அது தாராளம். என்னை மாற வைத்தது வேறொன்று: வங்கியில் விழும் பணத்தை விற்பனையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை.

ஒரு பொருள் 1,000க்கு விற்கிறது. விற்பனைத் தளம் கமிஷன் 150, அனுப்பும் செலவு 60, முன்பு விற்றுத் திரும்பி வந்த பொருளுக்கு 200 பிடித்துக்கொண்டு 590 அனுப்புகிறது. அந்த 590ஐ விற்பனை என்று எழுதினால், விற்பனை 410 குறைந்து தெரியும். கமிஷன் எவ்வளவு தின்கிறது, எந்தப் பொருள் அதிகம் திரும்புகிறது என்பது கணக்கிலேயே இருக்காது. விற்பனை வரியும் பொதுவாக விற்ற விலையை வைத்துத்தான், கைக்கு வந்த தொகையை வைத்து அல்ல.

சரியான வழி, ‘தளத்திடமிருந்து வர வேண்டியது’ என்று ஓர் இடைக்கணக்கு வைப்பது. 1,000ஐ அதில் பற்று (டெபிட்) வைத்து, கமிஷன், அனுப்பும் செலவு, திரும்பியது, வங்கிக்கு வந்த 590 எல்லாவற்றையும் தனித்தனியாக வரவு (கிரெடிட்) வைத்தால் மிச்சம் பூஜ்யம். தளம் இன்னும் அனுப்பாத பணம் இருந்தால் அது மட்டும் நிற்கும். வேறு எது நின்றாலும் ஏதோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது.

எக்செல்லிலும் இதைச் செய்யலாம். ஆனால் அங்கே ஒரு வரிசை தவறி அழிந்தால் கூட்டுத்தொகை சத்தமில்லாமல் மாறிவிடும். இரட்டைப் பதிவு முறையில் (ஒவ்வொரு தொகையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் முறை) இயங்கும் மென்பொருள், பற்றும் வரவும் சமமில்லாத பதிவை ஏற்பதே இல்லை. வங்கி இணைப்பு கொடுத்துவிட்டால், கணக்கில் ஜோடிப் பதிவு இல்லாமல் வங்கிக்கு வந்த பணம் தனியாக நின்று கண்ணில் படும். மாதக் கடைசியில் தேடி அலையும் வேலை பெருமளவு குறைந்துவிட்டது.

கடையை மென்பொருளோடு இணைக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ஆர்டர்கள் விற்பனையாக உள்ளே வரும். வங்கிக்கு வந்த பணத்தையும் மென்பொருள் வருமானமாகப் பரிந்துரைக்கக்கூடும். இரண்டையும் ஏற்றுக்கொண்டால் ஒரே பணம் இரண்டு முறை ஏறிவிடும். வங்கிக்கு வந்த பணத்தை எப்போதும் இடைக்கணக்கிலேயே பதியுங்கள்.

சரக்கு இருப்புக்கும் மென்பொருள் வசதிதான், ஆனால் நான் விற்பது சில வகைகள் மட்டுமே. நூற்றுக்கணக்கான வகைகளோ, பல நாணயங்களில் விற்பனையோ இருந்தால் என் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே தளம், வாரத்துக்கு நாலைந்து ஆர்டர் என்றால் எக்செல்லே போதும். மொத்த விலை, கமிஷன், அனுப்பும் செலவு, திரும்பியது என்று தனித்தனி நெடுவரிசை மட்டும் போட்டுவிடுங்கள். அப்புறம் மாறுவதாக இருந்தால் நிதியாண்டின் முதல் நாளில் மாறுங்கள். தொடக்க இருப்புகளை (அன்று ஒவ்வொரு கணக்கிலும் நிற்கும் தொகை) மட்டும் ஏற்றினால் போதும், பழைய ஆர்டர்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ள வேண்டியதில்லை.