ஹாலோவீன் 2: அதே இரவு, குறைந்துபோன அச்சம்

ஜான் கார்ப்பென்டர் இயக்கத்தில் 1978இல் வெளிவந்த திகில் படமான ‘ஹாலோவீன்’ எந்த நொடியில் முடிகிறதோ, அந்த நொடியிலிருந்தே 1981இன் ‘ஹாலோவீன் 2’ தொடங்குகிறது. குண்டடிபட்டு மாடியிலிருந்து விழுந்த முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மயர்ஸைப் புல்தரையில் காணவில்லை. அவனுடைய மனநல மருத்துவர் லூமிஸ் அவனைத் தேடித் தெருத்தெருவாக அலைய, அவனிடமிருந்து காயத்தோடு தப்பிய இளம்பெண் லோரியை ஹாடன்ஃபீல்டு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். கதையை எழுதியவர்கள் முன்பு போலவே கார்ப்பென்டரும் டெப்ரா ஹில்லும். ஒளிப்பதிவும் அதே டீன் கண்டிதான். லோரியாக ஜேமி லீ கர்ட்டிஸும் லூமிஸாக டொனால்ட் பிளசென்ஸும் மீண்டும் நடித்திருக்கிறார்கள். இயக்கியவர் ரிக் ரோசென்தால். இது அவருடைய முதல் படம். இத்தனை பேர் திரும்பி வந்தும், முதல் படத்தின் உயரத்தை இது எட்டவில்லை என்பதே என் தீர்ப்பு.

முதல் படம் சுமார் மூன்று லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. அதில் ரத்தம் ஏறக்குறைய இல்லை என்பது இன்று பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். பட்டப்பகலில், பள்ளி விட்டுப் புத்தகங்களை அணைத்தபடி தோழிகளோடு பேசிக்கொண்டு வரும் லோரி, சற்றுத் தள்ளி வேலியோரம் ஓர் உருவம் நிற்பதைப் பார்க்கிறாள். அடுத்த கணம் அது அங்கே இல்லை. அந்தப் பெண்களின் கேலிப் பேச்சும் காதல் கவலையும் நமக்குப் பழகிய பிறகே கொலைகள் தொடங்குவதால், ஒவ்வொரு சாவும் உறைக்கிறது. இருண்ட வாசலருகே லோரி விம்மிக்கொண்டு நிற்கும்போது, அவளுக்குப் பின்னால் அந்த வெள்ளை முகமூடி இருளிலிருந்து மெல்ல மெல்லத் துலங்கி வருமே, அதை அவளுக்கு முன்பே நாம் பார்த்துவிடுகிறோம். பயம் அந்தக் காத்திருப்பில்தான் இருந்தது.

இரண்டாம் படம் காத்திருக்க மறுக்கிறது. செவிலியர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் இரண்டொரு காட்சிகளில் வந்துபோகிறார்கள். அவர்கள் பெயர் மனத்தில் பதிவதற்குள் கொல்லப்பட்டுவிடுகிறார்கள். நமக்கு நினைவில் நிற்பது கொன்ற விதம் மட்டுமே. கொதிக்கும் நீர்த்தொட்டியில் ஒரு செவிலியின் முகத்தை மீண்டும் மீண்டும் அமிழ்த்தும் காட்சி அருவருப்பைத் தருகிறதே தவிர, நெஞ்சைப் பதறவைக்கவில்லை. 1980இல் வந்த ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ படத்தின் வெற்றிக்குப் பின் ரசிகர்கள் ரத்தத்தை எதிர்பார்த்த காலம் அது. ரோசென்தாலின் பதிப்பில் வேகம் போதவில்லை என்று கருதிய கார்ப்பென்டரே சில காட்சிகளைப் பின்னர் எடுத்துச் சேர்த்தார். முதல் படத்தில் அவ்வளவு அடக்கம் காத்தவர் இப்படிச் செய்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம். லோரியோ, மருந்து மயக்கத்தில் படத்தின் பெரும்பகுதியைப் படுக்கையிலேயே கழிக்கிறாள். அவளுடைய புத்திசாலித்தனத்தை நம்பி நின்ற கதைக்கு இது பெரிய இழப்பு.

அதைவிடப் பெரிய பிழை, லோரி மைக்கேலின் தங்கை என்று கதை நடுவே வெளிப்படுத்துவது. அவன் ஏன் அவளைத் தொடர்ந்தான் என்பதற்கு முதல் படம் விடை சொல்லவில்லை. எந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் இது நேரலாம் என்பதே அதன் கொடூரம். காரணம் கிடைத்ததும் அது ஒரு குடும்பத்தின் விவகாரமாகச் சுருங்கிவிட்டது. 2018இல் வந்த ‘ஹாலோவீன்’ இந்த உறவையே ஒதுக்கிவிட்டு முதல் படத்திலிருந்து நேராகத் தொடர்ந்தது. அது சரியான முடிவு.

ஆயினும் படத்தை முழுவதுமாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. ஆலன் ஹோவர்த்துடன் சேர்ந்து கார்ப்பென்டர் முதல் படத்தின் பியானோ மெட்டை சின்தசைசரில் மறுபடி அமைத்திருக்கிறார். ஆளரவமற்ற மருத்துவமனைத் தாழ்வாரங்களுக்கு அந்தக் கனத்த ஒலி அப்படியே பொருந்துகிறது. லோரி எழுந்து ஓடத் தொடங்கியதும் கண்டியின் ஒளிப்பதிவுக்கும் உயிர் வருகிறது. லிஃப்ட் கதவு மூடுவதற்காக அவள் தவிக்க, மைக்கேலோ சற்றும் அவசரமில்லாமல் நடந்து வருகிறான். பிறகு வாகன நிறுத்துமிடத்தில், லூமிஸ் கண்ணெதிரே வந்திறங்கியும் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. அவர் உள்ளே போன பிறகுதான் அலறல் வெளிவருகிறது. ரத்தம் சிந்தாத இந்த இடத்தில்தான் ரோசென்தால் கார்ப்பென்டருக்கு மிக அருகில் வருகிறார். முதல் படத்தைப் பார்த்தவர்கள், இந்தக் கடைசிப் பகுதிக்காக ஒருமுறை பார்க்கலாம்.