வயல் மண்ணை அள்ளிப் பூசிவிட்டு டயோரமா என்கிறார்கள்: மதுரையில் மாடல் செய்யும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரையில் டயோரமா (ஒரு காட்சியைத் தரையோடு சேர்த்துச் சின்ன மாடலாகச் செய்வது) வேலையை வெளியே கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்று யோசிப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 14,000 ரூபாய்க்குப் பேசி 9,000 கொடுத்தேன். கைக்கு வந்தது வெடித்து, பூஞ்சை பிடித்த ஒரு மண் பலகை. பணம் போனது வலிக்கிறது. அதைவிட வலிக்கிறது, மாதக்கணக்கில் ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து நான் ஒட்டிப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் மாடல் டாங்கி அந்த மண்ணுக்குள் மாட்டி உடைந்தது. கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் என்ன செய்தார்கள், எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முழுதாகச் சொல்கிறேன். இந்த வேலையை இதே முறையில் செய்பவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும்.

என் தாய்மாமா ராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருந்தவர். 1965 போர் முடிந்த கையோடு, பஞ்சாபில் கேம்கரண் பக்கம் வயல்களில் புதைந்து கிடந்த பாகிஸ்தான் டாங்கிகளை இழுத்துக் கரையேற்றிய வேலையில் அவரும் இருந்தார். அவருடைய எண்பதாம் கல்யாணத்துக்கு அந்தப் பக்கத்து அசல் உத்தர் என்ற ஊரின் சண்டைக்களத்தை 1/35 அளவில் (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு) செய்து கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. எம்48 பேட்டன் டாங்கியை நானே செய்தேன். தரை வேலையை மட்டும் வெளியே கொடுத்தேன். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கிறது, பிளாஸ்டர் தூளும் ரெசின் வாடையும் ஆகாது.

அசல் உத்தரை அறிந்தவர்களுக்கு, அங்கே சேறு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த சண்டை அது. நம் 4-வது மலை டிவிஷன் குதிரை லாட வடிவில் அணிவகுத்துக் காத்திருந்தது. வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆளுயரத்துக்கு மேல் கரும்பு. பாகிஸ்தானின் ஏறத்தாழ 45 டன் எடையுள்ள பேட்டன் டாங்கிகள் அந்த ஈர வயலில் இறங்கி வேகம் இழந்தன, பல நகரவே முடியாமல் சிக்கின. ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. ரீகாயில்லெஸ் (சுட்டால் பின்னுதைக்காத) துப்பாக்கியோடு அவற்றை எதிர்த்து நின்ற நம் வீரர் அப்துல் ஹமீது 10-ம் தேதி உயிர் கொடுத்தார், அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. பிடிபட்ட டாங்கிகளைப் பிக்கிவிண்ட் அருகே வரிசையாக நிறுத்தி வைத்ததில் அந்த இடத்துக்குப் பேட்டன் நகர் என்றே பெயர் வந்தது. ஆகவே இந்த டயோரமாவில் டாங்கியைவிட மண் முக்கியம் என்று, வேலையை எடுத்துக்கொண்ட பட்டறைக்காரரிடம் முதல் நாளே சொன்னேன். படங்கள் கொடுத்தேன். பஞ்சாப் சமவெளியின் வண்டல் வெளிர் பழுப்பு, நனைந்தால் கருத்த பழுப்பு, செம்மண் கலக்கவே கூடாது என்று எழுதியும் கொடுத்தேன்.

அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷன் இன்னும் என்னிடம் இருக்கிறது. சலித்து ஓவனில் சுட்ட மண், வெளிநாட்டு பிக்மென்ட் (நிறப் பொடி), தேங்கிய தண்ணீருக்கு இரண்டு பாக எபாக்சி ரெசின், கையால் செய்த கரும்புத் தோகை. படிக்க நன்றாக இருந்தது. ஆனால் பழைய வேலை ஏதாவது காட்டுங்கள் என்றபோது போனில்தான் படங்கள் காட்டினார், எல்லாம் செய்து முடித்த அன்றே எடுத்தவை. சேற்று வேலையின் தரம் செய்த அன்று தெரியாது. ஒரு வெயிலும் ஒரு மழையும் தாண்டிய பிறகுதான் தெரியும்.

எனக்கு வந்ததும் முதல் பார்வையில் சுமாராகத்தான் இருந்தது. வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தது, எல்லாம் வெளியே வந்தது.

முதலில் மண். திருமங்கலம் பக்கத்துக் கரிசலை அப்படியே அள்ளி, ஃபெவிகால் தண்ணீரில் குழைத்து, தெர்மோகோல் மேல் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரே பூச்சாகப் பூசியிருக்கிறார்கள். கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த மண்ணின் குணமே அது. கோடையில் கண்மாய் வெடிப்பதுபோல என் பலகை முழுக்கப் பாளம் பாளமாகப் பிளந்தது. பிளந்த ஓரங்கள் மேல் நோக்கிச் சுருண்டன. டாங்கியின் சங்கிலியை அந்தக் களிமண்ணுக்குள் அழுத்திப் புதைத்திருந்ததால், மண் சுருங்கச் சுருங்கச் சங்கிலியையும் இழுத்தது. இடது பக்கம் மூன்று இணைப்புகள் அறுந்தன, முன் சக்கரம் ஒன்று அச்சோடு பெயர்ந்து வந்தது. பூசுவதற்கு முன் சீல் செய்யாத ஒட்டுப்பலகை ஈரம் குடித்து நான்கு மூலையும் தூக்கிக்கொண்டது.

மண்ணைச் சுடவும் இல்லை, சரியாகச் சலிக்கவும் இல்லை. இது வெறும் ஊகமில்லை. வெடிப்புக்குள் வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருந்தது. டாங்கியின் பின்புறம், எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில், ஒரு புல் முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. 1/35 அளவில் அது கிட்டத்தட்ட ஒரு தென்னங்கன்று. கற்கள் இன்னும் மோசம். இந்த அளவில் ஒரு மி.மீ. மணல் என்றால் அது நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் கல். நாலைந்து மி.மீ. கல் உழுத வயலில் கிடந்தால் பாறாங்கல் உருண்டு வந்த மாதிரி ஆகிவிடும். ஐந்து சென்டிமீட்டர் உயர வீரர் பொம்மை பக்கத்தில் நிற்கும்போது கண் உடனே அதைப் பிடித்துவிடுகிறது.

வெளிநாட்டு பிக்மென்ட் என்று பணம் வாங்கியது என்ன என்பதையும் கண்டுபிடித்தேன். உதிர்ந்த பொடியைக் கொஞ்சம் தண்ணீர் டம்ளரில் போட்டேன். நல்ல பிக்மென்ட் கரையாது. கலங்கி நின்று கொஞ்ச நேரத்தில் அடியில் படியும், தண்ணீர் தெளியும். இதில் தண்ணீர் சிவப்பாகவே நின்றது, அடியில் வெள்ளைக் கல்மாவு படிந்தது. கலர் கோலப்பொடி எப்படி நடந்துகொள்ளுமோ அதேதான். மழைக்கால ஈரத்தில் அந்தச் சாயம் ஓடி, டாங்கியின் பச்சைப் பெயின்ட்டில் இளஞ்சிவப்புக் கறையாக ஏறிவிட்டது. செம்மண் கூடாது என்று எழுதிக் கொடுத்த வேலைக்குச் செக்கச் சிவந்த தூளைத் தூவியிருக்கிறார்கள்.

ரெசின் கடைசி வரை இறுகவில்லை. விரல் வைத்தால் ஒட்டியது, தூசியும் இரண்டு கொசுவும் அதில் செத்துக் கிடந்தன. ரெசினையும் ஹார்டனரையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி அளந்து கலக்க வேண்டும். கண் அளவில் ஊற்றினால் மீந்து போகும் பாகம் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் ஓர் அம்மாவிடம் பலகையை எடுத்துக்கொண்டு போனேன். தலைமுறையாக மண்ணைப் பிசைகிறவர்கள், அவர்களைவிட யாரிடம் கேட்பது? ஒரு பாளத்தைப் பெயர்த்து விரலில் நொறுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மணலே சேக்கல தம்பி. ஒரே தடவையில இம்புட்டுக் கனமா அப்புனா எந்த மண்ணுதான் நிக்கும்? இது தெரியாதவங்க செஞ்ச வேல."

பட்டறைக்காரரிடம் கேட்டபோது கிடைத்த பதில் இது: "மண்ணுன்னா வெடிக்கத்தான் சார் செய்யும். அதுதான ரியலிஸ்டிக்?" தண்ணீர் பாய்ச்சிய வயல் எப்படி வெடிக்கும் என்று திருப்பிக் கேட்டேன், பதில் இல்லை. டாங்கி உடைந்ததற்குக் கிட் (ஒட்டிச் செய்யும் மாடல் பாகங்கள்) பழசு என்றார். அது பிரித்த கையோடு நான் ஒட்டிய புது கிட். மீதிப் பணம் 5,000 தந்தால் மேலே இன்னொரு பூச்சுப் பூசித் தருவதாகச் சொன்னார். சுருங்கும் மண் மேல் என்ன பூசினாலும் அதுவும் சேர்ந்து வெடிக்கும். பலகையைத் திரும்பக் கொடுக்கவில்லை, அதுதான் என் சாட்சி. நீங்களும் கொடுக்காதீர்கள்.

மாமாவிடம் மறைக்க முடியவில்லை. விசேஷத்துக்கு வந்தவர்களில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "மாப்ள, இந்தத் தரையில டேங்க் சிக்காதுப்பா. இவ்வளவு காஞ்சு கெடந்தா அவன் பாட்டுக்கு ஓட்டிட்டு அமிர்தசரஸ் போயிருப்பானே" என்றார். சங்கிலியின் மேல் பக்கம் வரை சேறு ஏறியிருக்க வேண்டும், சக்கரத்துக்கு நடுவே கரும்புச் சோகை சுற்றியிருக்கும், டாங்கி ஒரு பக்கம் சாய்ந்து வயிறு தரையில் தட்டியிருக்கும் என்று அவர் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அதை வைத்துத்தான் இப்போது ஒரு நண்பர் வீட்டு மாடியில் தரையைப் புதிதாகச் செய்கிறேன்.

செய்முறையைச் சொல்கிறேன். யாராவது உங்களிடம் பெரிய வார்த்தைகள் பேசினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பலகையின் எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்துக் காயவிட வேண்டும். ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியில் ஒரு முறை, பழைய வாயில் சேலைத் துணியில் ஒரு முறை சலித்து, இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்துக்கொள்ள வேண்டும். அந்த மணலோடு, ஊறவைத்து அரைத்த காகிதக் கூழ், ஃபெவிகால், கொஞ்சம் பிளாஸ்டர் சேர்க்க வேண்டும். பழுப்பு அக்ரிலிக் பெயின்ட்டைக் கலவையிலேயே சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் எங்காவது பெயர்ந்தாலும் உள்ளே வெள்ளை தெரியாது. இரண்டு மூன்று மி.மீ. பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசிப் பூச்சு பாதி இறுகும்போது உபரிச் சங்கிலித் துண்டை உருட்டித் தடம் எடுக்கலாம், டாங்கியை இறக்கலாம். அதே கலவையைத்தான் சக்கரத்திலும் தொட்டு வைக்க வேண்டும். தரையில் ஒரு நிறம், சக்கரத்தில் ஒரு நிறம் என்றால் வண்டி வேறெங்கோ ஓடிவிட்டு வந்த மாதிரி இருக்கும். ஈரம் காட்ட, நிறத்தைக் கருக்கிவிட்டுப் பள்ளங்களில் மட்டும் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் தொட்டால் போதும். பெயின்ட் கரைக்கும் என்.சி. தின்னரைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது, கிட்டின் பிளாஸ்டிக்கையும் தெர்மோகோலையும் கரைத்துவிடும்.

வெளியே கொடுப்பதாக இருந்தால், குறைந்தது ஆறு மாதம் பழைய தரை வேலை ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளங்கை அளவு மாதிரி ஒன்று செய்து வாங்கி, மொட்டை மாடி வெயிலில் ஒரு வாரம் வைத்துவிட்டுப் பிறகு மாடலைக் கொடுங்கள். பொருட்களின் பெயர் பில்லில் வர வேண்டும். எனக்குத் தந்த பில்லில் "கிராஃப்ட் ஒர்க்" என்று மட்டும்தான் இருந்தது, கொட்டேஷன் மெசேஜ் இருந்ததால் தப்பித்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் பதிவு செய்தேன். அங்கே பேச்சுவார்த்தைக்குக் கடைக்காரர் வரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள்.

உங்களிடம் ஏற்கெனவே இப்படிப்பட்ட பலகை இருந்தால் இந்த மழை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். பிறகு சங்கிலியைச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மண் இளகும்வரை பொறுத்து, மெல்லிய பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி டாங்கியை விடுவியுங்கள். மேலே பிடித்து இழுக்காதீர்கள். மண்ணில் ஒரு கைப்பிடியை ஜிப் கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள், ஆணையத்தில் காட்ட வேண்டியிருக்கும்.