நெடும்பயணத்துக்கு எந்த ரேடார் டிடெக்டர்? ஆர்8, ஆர்4, வி1, ரெட்லைன்

போலீஸின் வேகமளக்கும் ரேடார் அலையை முன்கூட்டியே பிடித்து எச்சரிக்கும் சிறு கருவிதான் ரேடார் டிடெக்டர். அதை வாங்குபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மைல் முன்னால் பிடிக்கும்?" என்றுதான். மேல்தரக் கருவிகள் எல்லாமே போதுமான தூரத்தில் பிடித்துவிடும். போலீஸ் ரேடாரின் அலை வண்டியில் பட்டுத் திரும்பிப் போக வேண்டும்; டிடெக்டருக்கு ஒருவழி அலையே போதும். நெடும்பயணத்தில் ஆளைப் படுத்துவது பொய் அலறல்தான். பக்கத்து லேனில் வரும் காருக்கெல்லாம் கத்தும் கருவியை மூன்றாம் மணி நேரத்தில் யாராக இருந்தாலும் அணைத்துவிடுவார்கள்.

அந்தக் கூச்சலில் பெரும்பங்கு கே பேண்ட் என்ற அலைவரிசையில், அதாவது 24 கிகாஹெர்ட்ஸில் வருகிறது. பல கார்களின் பிளைண்ட் ஸ்பாட் சென்சார்களும் அங்கேதான் இயங்குகின்றன. இதற்கு ஜிபிஎஸ் லாக்அவுட்டை, அதாவது பொய் அலறல் வரும் இடத்தை நினைவில் வைத்து அங்கே வாயடைக்கும் வசதியை, நம்பி வாங்க வேண்டாம். கடைகளின் தானியங்கிக் கதவு போல ஓரிடத்தில் நிற்பவற்றை மட்டுமே அது அடக்கும். அதுவும் அந்த இடத்தை ஏற்கெனவே குறித்து வைத்திருந்தால்தான். தினசரிப் பாதைக்கு அருமை, புதிய சாலையில் துளியும் உதவாது.

அதனால்தான் எஸ்கார்ட் ரெட்லைன் 360சி அத்தகைய இடங்களைத் தானாகக் கற்கும் வசதி இங்கே பெரிய விஷயமில்லை. வாலன்டைன் ஒன் ஜென்2 (வி1) எத்தனை சிக்னல்கள் உள்ளன என்று எண்ணிக் காட்டும். ஆனால் உள்ளே ஜிபிஎஸ் கிடையாது, போன் ஆப் வேண்டும். யூனிடென் ஆர்4இல் ஜிபிஎஸ் உண்டு, அலை வரும் பக்கத்தைக் காட்டும் திசை அம்பு இல்லை. நெடுஞ்சாலைக்கு எங்கள் தேர்வு யூனிடென் ஆர்8: இரண்டு ஆன்டெனா, அம்பு, ஜிபிஎஸ் மூன்றும் உண்டு. அம்பு பின்னால் திரும்பினால் ரேடாரைக் கடந்தாயிற்று. அதன்பின் முன்னம்பு மீண்டும் எரிந்தால் அது இன்னொரு போலீஸ் ரேடார்.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டாதீர்கள். அமெரிக்காவில் எக்ஸ் பேண்டை, அதாவது பழைய போலீஸ் ரேடார்களின் அலைவரிசையை, அநேகமாக எங்கும் அணைத்துவிடலாம். பொய் அலறலை வடிகட்டும் கே ஃபில்டரும் டிஎஸ்எஃபும் (சாலை சென்சார்களுக்கான வடிகட்டி) ஆனில் இருக்கட்டும். பொய் அலறலுக்குப் பயந்து கே பேண்டையே அணைப்பது தப்பு, இன்னும் பல ஊர்ப் போலீஸ் அதில்தான் இருக்கிறது. போலீஸ் பயன்படுத்தும் இன்னொரு அலைவரிசையான கேஏ பேண்டில் 33.8, 34.7, 35.5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்றும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஆளில்லாச் சாலையில் கேஏ அரை நொடி சிணுங்கினாலும் வேகத்தைக் குறையுங்கள்: முன்னால் போகும் வண்டியை ஒரு போலீஸ்காரர் இன்ஸ்டன்ட் ஆன் ரேடாரால், அதாவது குறிவைக்கும்போது மட்டும் அலை விடும் ரேடாரால், சுட்டிருக்கலாம். அடுத்த குறி உங்கள் வண்டியானால் எச்சரிக்கைக்கே நேரம் இருக்காது. போலீஸின் லேசர் வேகத் துப்பாக்கியும் அப்படித்தான், 300 மீட்டரில் அந்தக் கற்றையின் அகலம் சுமார் ஒரு மீட்டர். டிடெக்டர் கத்தும்போது வேகம் பெரும்பாலும் பதிவாகியிருக்கும்.

ரியர்வியூ கண்ணாடியை ஒட்டி, உயரத்தில், சாலைக்கு இணையாகப் பொருத்துங்கள். பின்பக்க ஆன்டெனாவுக்குப் பின்கண்ணாடி தெரிய வேண்டும். உலோகப் பூச்சுள்ள முன்கண்ணாடி அலையைத் தடுத்துவிடும், வாங்குமுன் அதைப் பாருங்கள். சக்ஷன் கப் ஒட்டுமுன் கண்ணாடியை ஆல்கஹாலால் துடைக்காவிட்டால் வெயிலில் கழன்று விழும்.

வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டிசியிலும் டிடெக்டருக்குத் தடை. 10,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட வணிக வாகனங்களுக்கு அமெரிக்கா முழுக்கவே தடை. கனடாவுக்குள் போனால் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மூன்றில் மட்டும் பயமில்லை. ஒன்டாரியோவில் அணைத்து டேஷ்போர்டு அறைக்குள் வைத்திருந்தாலும் குற்றம்தான்.