சுவானி 1899, சென்டர் 1921: எது பெரிய சீசன்?

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கால்பந்தில் பெரிய பல்கலைக்கழகங்களைச் சின்னக் கல்லூரி சாய்த்த கதை என்று பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். ஒன்று டென்னசி மலைமேல் இருக்கும் சுவானி, 1899. இன்னொன்று கென்டக்கி மாநிலம் டான்வில் ஊரின் சென்டர் கல்லூரி, 1921. (1899ஐ இருபதாம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் இழுப்புதான். ஆனால் அதை விட்டுவிட்டு இந்தப் பேச்சை ஆரம்பிக்கவே முடியாது.)

சென்டரின் புகழ் ஒரே ஒரு பிற்பகலில் கிடைத்தது. 1921 அக்டோபர் 29, ஹார்வர்டு மைதானம், நாற்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். சென்டரில் அப்போது படித்தவர்களே முந்நூறு பேருக்குள்தான். ஹார்வர்டோ 1920 புத்தாண்டு நாளில் ரோஸ் பௌல் என்ற பெரிய புத்தாண்டு ஆட்டத்தை வென்ற அணி, பல சீசன்களாகத் தோல்வியே அறியாதது. முந்தைய ஆண்டு இதே சென்டர் அங்கே போய், பாதி ஆட்டம் வரை 14-14 என்று தாக்குப்பிடித்து, கடைசியில் 31-14 என்று தோற்றுத் திரும்பியிருந்தது. இந்த முறை மூன்றாவது கால்பகுதியில் சென்டரின் போ மெக்மில்லின் பந்தோடு வளைந்து நெளிந்து ஓடி, ஆறு புள்ளி தரும் டச் டவுன் ஒன்று போட்டார். அதற்கப்புறம் யாருக்கும் புள்ளி இல்லை. 6-0. டான்வில் சுவர்களில் ஏதோ ரசாயன வாய்பாடு போல 'சி6எச்0' (சென்டர் 6, ஹார்வர்டு 0) என்று எழுதி வைத்தார்கள்.

ஆனால் இந்த அணியை ஏதோ கிராமத்துப் பையன்கள் கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. மெக்மில்லினும் அவரோடு முன்பு சென்டரில் ஆடிய ரெட் வீவரும் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் பள்ளியில் ஆடியவர்கள், அங்கே பயிற்சி தந்தவரின் பின்னால் கென்டக்கிக்கு வந்தவர்கள். கல்லூரியில் சேரப் படிப்புத் தகுதி போதாததால் முதலில் ஒரு வருடம் கென்டக்கியிலேயே பள்ளிக்குப் போனார்கள். 1919லேயே இருவரும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கி வால்டர் கேம்ப் வெளியிட்ட அகில அமெரிக்க அணியில் இடம்பிடித்துவிட்டார்கள். பயிற்சியாளர் சார்லி மோரன் பேஸ்பாலில் நேஷனல் லீக் அம்பயர். சின்னக் கல்லூரி சரி, சின்ன அணி இல்லை.

சுவானியின் கதை வேறு மாதிரி. பணப் பிரச்சினையில்தான் ஆரம்பிக்கிறது. வாண்டர்பில்ட்டோடு நுழைவுக் கட்டண வசூல் தகராறு வந்து ஆட்டம் நின்றுபோக, அந்த ஓட்டையை அடைக்க மாணவ மேலாளர் லூக் லீ ஒரு ரயில் பயணம் போட்டார். நவம்பர் 9, ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகம், 12-0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம், 10-0. அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேன், 23-0. ஞாயிறு ஓய்வு. திங்கள் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்), 34-0. செவ்வாய் மெம்ஃபிஸில் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்), 12-0. ஆறு நாளில் ஐந்து ஆட்டம், 91 புள்ளி, எதிரணிகளுக்கு ஒன்றுகூட இல்லை. ரயிலில் மட்டும் சுமார் 4,000 கிலோமீட்டர்.

அன்றைய விதிகளைத் தெரிந்துகொண்டால்தான் இதன் கனம் புரியும். முன்னோக்கிப் பந்தெறிவதற்கு 1906 வரை அனுமதியே கிடையாது. மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் நகர வேண்டும், அதாவது உடம்பின் மேல் உடம்பு விழுந்து முட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே போன ஆட்டக்காரர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. இப்படி அடிபட்ட உடம்போடு ராத்திரி ரயிலில் தூங்கி, காலையில் எழுந்து இன்னொரு ஊரில் மறுபடி இறங்குவது. சென்டர் ஆடிய 1921இல் நான்கு முயற்சி, பத்து கெஜம், பந்தெறியவும் செய்யலாம். ஆட்டமே மாறிவிட்டிருந்தது.

எதிராளி பலம் என்று பார்த்தால் சென்டருக்குத்தான் ஓட்டு. சுவானி தெற்கை விட்டு வெளியே போகவில்லை, ஹார்வர்டு தரத்தில் யாரையும் சந்திக்கவும் இல்லை. அந்த சீசனில் அவர்களுக்கு எதிராகப் புள்ளி எடுத்தது ஜான் ஹைஸ்மன் பயிற்சி தந்த ஆபர்ன் மட்டும்தான், 11-10. பன்னிரண்டு ஆட்டங்களில் சுவானிக்கு எதிராக விழுந்த மொத்தப் புள்ளிகளும் அந்தப் பத்துதான். போட்டது 322.

ஆனால் கேள்வி சீசனைப் பற்றியது, ஒரு நாளைப் பற்றியது அல்ல. அங்கேதான் நான் சுவானி பக்கம் சாய்கிறேன். சுவானி பன்னிரண்டையும் வென்றது. சென்டர் கடைசி ஆட்டத்தில் சறுக்கியது. 1922 ஜனவரி 2, டல்லஸ், எதிரணி டெக்சாஸ் ஏ அண்ட் எம். மோரன் முன்பு பயிற்சி தந்த அதே கல்லூரி! அன்றுதான் மெக்மில்லினுக்குக் கல்யாணமும். 22-14 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் ஏ அண்ட் எம் ஆட்கள் ஒவ்வொருவராகக் காயப்பட, பார்வையாளர் பக்கம் இருந்த கிங் கில் என்ற மாணவரைக் கூப்பிட்டுச் சீருடை மாட்டி ஓரத்தில் நிறுத்தினார்கள். கடைசிவரை அவர் களமிறங்கவே இல்லை. ஆனாலும் 'பன்னிரண்டாவது ஆள்' என்று அந்தக் கல்லூரி இன்றுவரை கொண்டாடுவது அவரைத்தான்.