வெள்ளவத்தையில் எங்கே சாப்பிடலாம், எதில் போகலாம்

கொழும்பு வெள்ளவத்தைக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு விஷயம் கேட்பார்கள். நல்ல சாப்பாட்டுக் கடை எது, ஹயர் போக யாரைக் கூப்பிடலாம். போனைத் திறந்து நட்சத்திரம் பார்த்தால் ஏறக்குறைய எல்லாக் கடைக்கும் நாலுக்கு மேலே, எல்லா ஓட்டுநருக்கும் நாலரைக்கு மேலே இருக்கும். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் உள்ள ஒழுங்கைகளில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான். சாமான் கிடைக்காத காலத்திலும் விலை ஏறின காலத்திலும் இந்த மனிதர் எங்களோடு எப்படி நடந்துகொண்டார் என்பதை.

சாப்பாட்டை முதலில் சொல்கிறேன். 2022 இல் கொழும்பில் சமையல் எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, அதற்கு மேல் மணிக்கணக்கில் மின்வெட்டு. 12.5 கிலோ சிலிண்டரின் விலை 5,000 ரூபாவை நெருங்கியது, அந்த விலைக்கும் எளிதில் கிடைக்கவில்லை. பல கடைகள் கதவை மூடின. எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் இடியப்பமும் புட்டும் விற்கும் ஒரு அக்கா இருக்கிறார். வீட்டு முன்விறாந்தையில் ஒரு மேசை, அவ்வளவுதான் கடை. அவர் முற்றத்தில் விறகடுப்பு மூட்டினார். "இண்டைக்கு இடியப்பம் மட்டும்தான் தம்பி, புட்டுக்கு அடுப்பு காணாது" என்று நேரே சொல்லிவிடுவார். இருக்கிறதைச் சரியாகச் செய்து தந்தார். பக்கத்துக் காலி வீதியில் இருந்த ஒரு பெரிய கடை அதே மாதங்களில் எல்லா அயிட்டத்தையும் பட்டியலில் வைத்துக்கொண்டு, காலையில் செய்ததை இரவு சூடுகாட்டித் தந்தது. அங்கே நான் பிறகு போகவேயில்லை.

அடுத்த சோதனை தேங்காய். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியது. யாழ்ப்பாணச் சாப்பாட்டில் தேங்காய் இல்லாமல் எதைச் செய்ய முடியும்? சொதி, சம்பல், புட்டுக்குப் பூ எல்லாமே தேங்காய்தான். அந்த நேரம் கடைகள் மூன்று வழியில் போயின. சில கடைகள் விலையைக் கூட்டின. சில கடைகள் சம்பலைக் குறைத்தன. இன்னும் சில கடைகளில் சொதி மஞ்சள் தண்ணீராகவே வந்தது. விலையைக் கூட்டினவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இடியப்ப அக்காவும் கூட்டினார். ஆனால் அவருடைய சொதியில் முதல்பால் மணம் குறையவில்லை. தண்ணீர்ச் சொதி ஊற்றினவர்கள் தேங்காய் விலை கொஞ்சம் இறங்கின பிறகும் அப்படியே ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு நாக்கு மரத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள் போல.

பெயர் சொல்லக்கூடிய கடைகளுக்கு வருவோம். காலைச் சாப்பாட்டுக்கு நான் பம்பலப்பிட்டி சரஸ்வதி லொட்ஜுக்குப் போவேன். காலி வீதியில் இருக்கும் பழைய சைவக் கடை. தோசை, உழுந்து வடை, சம்பல், சாம்பார், பிறகு ஒரு தேத்தண்ணீர். அலங்காரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். மேசை விரைவாக மாறும், பக்கத்தில் யாராவது வந்து இருப்பார்கள். எந்தச் சைவக் கடையானாலும் சம்பல் சாப்பிட நேரத்தோடே போக வேண்டும். அரைத்த தேங்காய்ச் சம்பல் கொழும்பு வெக்கையில் பத்தரை பதினொரு மணிக்கே புளிக்கத் தொடங்கும். பிந்திப் போய் சம்பல் சரியில்லை என்று கடையைக் குறை சொல்லக்கூடாது.

ஆறுதலாக இருந்து சாப்பிட, வயதான ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக, ஷ்ரபரி கார்டன்ஸில் உள்ள கிரீன்லண்ட்ஸ் எனக்கு மிகப் பிடித்தது. பழைய பங்களா வீடு, உயர்ந்த கூரை. உள்ளே இருந்தால் காலி வீதிச் சத்தம் பெரிதாகத் தெரியாது. கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பெயர் அதுதான். குளிரூட்டிய இடம் வேண்டும், விருந்தினர் வருகிறார்கள் என்றால் இராமகிருஷ்ண வீதியில் ஷண்முகாஸ். தமிழ்ச் சங்கத்தில் கூட்டம் முடிந்து நாலைந்து பேராக வெளியே வந்தால் எங்கள் கால் தானாக அந்தப் பக்கம்தான் போகும்.

மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடுபவர்களுக்கு மரைன் டிரைவில் உள்ள யாழ் உணவகத்தைச் சொல்வேன். நண்டுக் கறியும் ஒடியல் கூழும் அங்கே பேர்போனவை. கூழைத் தனியாகப் போய்க் குடிக்க வேண்டாம், நாலு பேராகப் போங்கள். நண்டுக் கால், இறால், மீன் துண்டு, பலாக்கொட்டை எல்லாம் ஒரே கோப்பையில் கிடக்கும் சாமான் அது, பங்குபோட்டால்தான் ருசி. இன்னும் கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் கொள்ளுப்பிட்டி ரேணுகா ஹோட்டலுக்குள் இருக்கும் பல்மைரா. வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணக் கறியை அறிமுகப்படுத்த அதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது. கடல் பார்த்துக்கொண்டு மீன் சாப்பிட வேண்டும் என்றால் ஸ்டேஷன் அவனியூவில் தண்டவாளத்தைக் கடந்து பீச் வாடிய. பொழுதுபடுவதற்கு முன் போங்கள். கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள், கரையோர ரயில்கள் அந்த இடத்தில் வேகமாக வரும்.

கொத்து ரொட்டிக்கு இரவு ஒன்பதுக்குப் பிறகு கொள்ளுப்பிட்டி பிலவூஸ். தகட்டில் அடிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்கும். இவ்வளவு சனம் வருகிற கடையில் ரொட்டி கிடந்து காய வழியில்லை, அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

புதிதாகத் திறக்கும் பளபளப்பான கடைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் மூன்று மாதம் சமையல் மிக நன்றாக இருக்கும், பிறகு பிரதான சமையல்காரர் வேறு இடம் போய்விடுவார். அதனால் ஆறு மாதம் பொறுத்துப் போவது என் வழக்கம். பில்லையும் கவனியுங்கள். பட்டியலில் 1,000 ரூபா என்று போட்டிருக்கும். 10 வீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 2024 முதல் 18 வீதமாகிவிட்ட வற் வரி. கையில் வரும்போது அது கிட்டத்தட்ட 1,300. இரண்டும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கிறதா என்று இருக்கும்போதே கேட்டுவிடுவது மரியாதைக் குறைவு இல்லை.

சரி, வாகனம்.

ஒழுங்கை முனையில் நிற்கும் ஓட்டோக்காரர்களைப் பற்றி, விலை கூடச் சொல்வார்கள் என்று புதியவர்கள் முறைப்பாடு சொல்வது வழக்கம். செயலியில் வருவதைவிடக் கொஞ்சம் கூடத்தான். ஆனால் 2009க்கு முந்திய இரவுகளை இங்கே கழித்தவர்களுக்கு வேறு கணக்கு உண்டு. அப்போது காலி வீதியில் சோதனைச் சாவடி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. இரவில் ஒரு தமிழ்க் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவதற்கே ஓட்டுநர்கள் தயங்கினார்கள். எங்கள் முனையில் நின்ற அண்ணை ஒருவர் தயங்கவில்லை. எங்களை இறக்கிச் சோதிக்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் பக்கத்தில் வந்து நிற்பார், எங்களுக்காகச் சிங்களத்தில் பேசுவார். காத்திருந்த நேரத்துக்குக் காசு கேட்டதில்லை.

அதே அண்ணைதான் 2022 இலும். ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு வந்தது. பிறகு பெற்றோலை அளந்து பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு முதலில் கிழமைக்கு 5 லீற்றர்தான். முழுநேரம் ஓடுபவருக்கு அது ஒன்றிரண்டு நாளைக்கே காணாது. நான் அம்மாவை மாதாமாதம் களுபோவில ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. "கிளினிக் தேதியை முன்னுக்கே சொல்லுங்கோ, அதுக்குரிய பெற்றோலைத் தொடாமல் வைக்கிறன்" என்றார். வைத்தார். இன்றைக்கும் செயலியில் நூறு ரூபா குறைவாகக் காட்டினாலும் அம்மாவின் பயணம் அவரோடுதான்.

செயலிகளைக் குறைத்து மதிப்பிடவில்லை. பிக்மியும் ஊபரும் 2015 இல் கொழும்பில் ஓடத் தொடங்கின. எங்களுக்கு அவை செய்த பெரிய உதவி மொழியில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிள்ளையோடு தங்கியிருக்கும் ஒரு மாமி, ஒரு சொல் சிங்களம் தெரியாமலே இன்று கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோவிலுக்குத் தனியாகப் போய் வருகிறார். விலை பேச வேண்டாம், பாதை சொல்ல வேண்டாம். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கும் மழைக்கும் செயலியை நம்பாதீர்கள். ஏற்றுக்கொள்வார்கள், அழைத்து எங்கே போகிறீர்கள், காசா கார்டா என்று கேட்பார்கள், கார்ட் என்றால் சில பேர் வரமாட்டார்கள். அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. கார்டில் கட்டும் பணம் கழிவு போய்ப் பிறகுதான் அவர்கள் கைக்கு வருகிறது, பெற்றோலுக்கு இன்றைக்கே காசு வேண்டும். அதனால் அவசரப் பயணத்துக்குக் கையில் சில்லறையோடு காசு வைத்திருங்கள். இடத்தைக் குறிக்கும்போது கவனம் தேவை. வரைபடம் பல தடவை ஓட்டுநரை மரைன் டிரைவ் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடும், நீங்கள் காலி வீதி முனையில் நிற்பீர்கள். சில ஒழுங்கைகள் ஒருவழி, சுற்றி வரப் பத்து நிமிடம் எடுக்கும். தெரிந்த ஒரு கடையை அல்லது வங்கியை அடையாளமாகப் போட்டுவிட்டு அதன் முன்னால் நில்லுங்கள்.

கார் கேட்டால் பெரும்பாலும் வெகன் ஆர், அல்டோ போன்ற பழைய சின்னக் கார்தான் வரும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் இதே வாகனங்கள்தான் வருடக்கணக்காக ஓடி வந்தன. குளிரூட்டி வேலை செய்கிறதா என்று ஏறுமுன் பாருங்கள்.

கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் நிற்கும் வாகனங்களில் நான் ஏறுவதில்லை. ஒரு தடவை மீற்றர் ஓடின வேகத்தைப் பார்த்தபோதே விளங்கிவிட்டது. பொதி குறைவென்றால் 100 அல்லது 101 பஸ், இல்லையென்றால் கரையோர ரயிலில் வெள்ளவத்தை நிலையம். அலுவலகம் விடும் நேரம் மட்டும் தவிருங்கள். ஆடிவேல் தேர் வரும் நாட்களிலும் ரயில்தான் சரி, காலி வீதியில் ஓட்டோ அசையாது.

விமான நிலையத்துக்கு வெகன் ஆர் போட வேண்டாம். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறவர்களின் பெரிய சூட்கேஸ் இரண்டை வைத்தாலே ஆளுக்கு இடமில்லை. டொயோட்டாவின் பெரிய கேடிஎச் வேன் பேசுங்கள். 2013 இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறிவிட்டால் அரை மணிக்குள் போய்விடலாம், நேரம் போவது வெள்ளவத்தையிலிருந்து களனிப் பாலம் வரைக்கும்தான். பின்னேரமானால் அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வேன் கிடைப்பது கஷ்டம். டிக்கெட் போட்ட அன்றைக்கே வேனுக்கும் சொல்லிவைத்து, அதிவேகப் பாதைக் கட்டணமும் விமான நிலைய பார்க்கிங்கும் பிளேன் பிந்தினால் காத்திருக்கும் நேரமும் பேசின தொகைக்குள் அடங்குமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.